விடுப்புப் பட்டியல்

சென்னையிலிருந்து மின்னஞ்சல்:
டிசம்பர் கடைசி இரண்டு வாரமும்
ஊழியர் உற்சாகம் குன்றாமல் பார்த்துக்கொள்ளவும்.
இணைப்பில் பதினொரு யோசனைகள்.
நான்காவது,
எல்லோரும் ஒருநாள் கோமாளி ஸ்வெட்டர் அணிந்து வரலாம்.

காரைக்குடியில் ஸ்வெட்டர்!
டயர்க் கடை மாடியில் எங்கள் அலுவலகம்.
மின்விசிறி நின்றால்
மார்கழியிலும் கழுத்து கசகசக்கும்.
அமெரிக்கப் பற்களுக்கு இங்கே கணக்கெழுதுகிறோம்:
பிடுங்கியது, அடைத்தது, தொப்பி போட்டது,
காப்பீடு எவ்வளவு தரும், எதற்குத் தராது.
ஒஹையோவில் பல்வலிக்குப் பண்டிகை தெரியாது.
ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள்.
நான் மேலாளர்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.
செக்காலை ரோட்டில் பேரம் பேசி
ஒரு பிளாஸ்டிக் மரம் வாங்கி வந்தேன்.
யார் யாருக்குப் பரிசு தருவது என்று
சீட்டுக் குலுக்கினேன்.
பெரிச்சியப்பனுக்கு அவன் பெயரே வந்தது.
மறுபடி குலுக்கினேன், மறுபடியும் அவனே.
'செலவு மிச்சம் மேடம்' என்றான்.
சிரித்தார்கள்.
சிரித்த முகத்தோடே எல்லோரும்
சுவரில் இருந்த பட்டியலை ஒருமுறை பார்த்தார்கள்.

அதில்
ஒன்பது பெயருக்கு நேரேயும்
பென்சிலில் நான் எழுதியிருந்தது:
பார்க்கலாம்.

பார்க்கலாம் என்றால்
ரயில் டிக்கெட் எடுக்க முடியாது.
தங்கையின் மாமியாருக்குப் பதில் சொல்ல முடியாது.
பார்க்கலாம் என்றால்
சாவி என்னிடம் என்று பொருள்.

அன்று சாயங்காலம் ரப்பர் தேடினேன்.
ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.
ஸ்தனிஸ்லாஸுக்கு இருபத்து நாலு ராத்திரிப் பூசை.
உமையாளுக்கு மறுநாள் பிள்ளையார் நோன்பு,
அதற்கு முந்தின நாளும் வேண்டும்.
அபுதாகிர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.
'எங்க பெருநாளுக்கு ஞாபகம் வச்சாப் போதும்.'
மையால் எழுதி முடித்தபோது
ஒரே ஒரு கட்டம் உதைத்தது.
இருபத்து நாலு, இரவு.
அதில் என் பெயரை எழுதினேன்,
கொஞ்சம் பெருமையோடுதான்.

அந்த ராத்திரி
பத்தரைக்குக் கடவுச்சொல் காலாவதி.
பதினொன்றரைக்கு ஒரு அம்மாள் லைனில்,
வேர் சிகிச்சை, பாதிப் பணம் வரவில்லை,
அழுகிறாளா, வாய் மரத்திருக்கிறதா, தெரியவில்லை.
மாதா கோயில் மணி அடித்தது.
திரையில் ஏதோ சிவப்பாக மின்னியது.
கூச்சத்தை விழுங்கிக்கொண்டு
உமையாளைக் கூப்பிட்டேன்.

'முழிச்சுத்தான் இருக்கோம் மேடம்,
நோன்புக்கு இழை எடுக்கிறோம்.'
கோடித் துணியிலிருந்து நூல் உருவும் அவள் அம்மா
பின்னால் எண்ணுகிறார்: பதினாறு, பதினேழு.
'இடது பக்கம் மூணாவது கட்டம்.'
பதினெட்டு.
'எஃப் ஏழு. ஐயோ, அது ரத்து!'
அமுக்கிவிட்டேன்.
அந்தப் பக்கம் எண்ணிக்கை நின்றது.
'மேடம்...
போன மாசம் எனக்கு நீங்க மெமோ குடுத்தது
இதே தப்புக்குத்தான்.'

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள்தான் முதலில் சிரித்தாள்.
அவள் அம்மாவுக்குக் கணக்கு விட்டுப்போய்
ஒன்றிலிருந்து தொடங்கினார்.
நானும் ஒன்றிலிருந்து.
இருபத்தோரிழை முடிய
ஒஹையோ அம்மாளுக்குப் பணம் நகர்ந்தது.

எரிகிற திரியை மாவோடு
வாயில் போட்டுக்கொள்கிற வீட்டுப் பெண்ணுக்கு
நான் பிளாஸ்டிக் மரத்தால்
உற்சாகமூட்டப் பார்த்திருக்கிறேன்.

இருபத்தாறாம் தேதி
மரத்தின் உச்சியில் ஒரு காகித நட்சத்திரம்.
மடிப்புகளுக்கிடையே என் கையெழுத்து தெரிந்தது.
அந்த மெமோ.
யாரும் என்னைப் பார்க்கவில்லை,
எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
எடுக்கவில்லை, இருக்கட்டும்.

சென்னைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.
நடத்திய நிகழ்ச்சிகள் என்ற இடத்தில்
கர்சர் இன்னும் துடிக்கிறது.
அதற்குள்
புது வருஷப் பட்டியலை ஒட்டிவிட்டேன்.
அபுதாகிருக்குப் பெருநாள், மூன்று நாள், மையில்.
பிறை தெரிவதைப் பொறுத்து
ஒருநாள் முன்னே பின்னே ஆகலாம் என்பது மட்டும்
பென்சிலில்.