ஆறு மீற்றர் எழுபத்தைந்து

ரொட்னி பார்த்தலட் எறிந்த பந்தை
நான் ஒருநாளும் முழுசாய்ப் பார்த்ததில்லை.
கொடுத்தவன் நான்.
கொடுத்ததும் அவன் மணிக்கட்டைப் பார்ப்பேன்.
தூக்கத்தில் கட்டிலுக்கு வெளியே விழுந்த
பிள்ளையின் கைபோல அது தொங்கினால்
திரும்பி ஓடத் தொடங்கிவிடுவேன்
எங்கள் பக்கத்தைக் காக்க.

டச்சுக்குடா ஓரத்துச் சீமெந்துத் தரை.
வளையம் உண்டு, வலை கிடையாது.
விழுந்த பந்துக்குச் சத்தமில்லை;
விழுந்ததா என்று
இரண்டு பேர் சத்தியம் பண்ணவேண்டும்.
வைகாசி பிறந்தால் கச்சான்,
பந்தைக் கடல்பக்கம் தள்ளும்.
அவன் வளையத்தைப் பார்த்து எறிவதை விட்டான்.
அதற்கு இடப்புறம் ஒரு சாண்,
சிலநாள் ஒன்றரைச் சாண்,
வெறும் காற்றைக் குறிவைத்தான்.
கார்த்திகையில் வாடை. அப்போது வலப்புறம்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கிய மான்கள்
வளையத்தின் கீழே படுத்துக் கிடக்கும்.
எழுப்ப மனமில்லாமல்
இன்னும் பின்னுக்குப் போய் எறிவான்.
தூரம் அவனுக்கு அப்படித்தான் பழகியது.

சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய்
பந்தை வாங்கிக் காதருகே குலுக்கினான்.
பிறகு தரையில் தட்டினான், இரண்டு தரம்.
மூன்றாம் தரம் தட்டியபோது
அது சோதனையில்லை என்று
எங்களுக்கும் தெரிந்தது, அவனுக்கும்.

கொழும்பில் முதல் ஆட்டம். உள்ளரங்கு.
பலகைத் தரையில் முகம் தெரிந்தது.
ஒன்பது எறிந்தான். ஒன்பதும்
வளையத்துக்கு இடப்புறம் ஒரு சாண்.
சனம் சிரித்தது.
இடைவேளையில் என் காதுக்குள் சொன்னான்:
"மச்சான், இங்க காத்தே இல்லையடா."
அதை ஒரு குறையாகத்தான் சொன்னான்.

இரண்டாம் பாதியில் ஏழு போட்டான்.
முதலாவது விழுந்தபோது வலை சளக்கென்றது.
தன் பந்து விழும் சத்தத்தை
இருபத்திரண்டு வயதில் முதல்முறை கேட்டவன்
ஓட மறந்து நின்றான்.
பயிற்றுவிப்பாளர் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டார்.

ஒரு கம்பனி எடுத்தது.
பதவி: களஞ்சிய உதவியாளர்.
களஞ்சியம் எந்தத் தெருவில் என்று
சம்பளம் தந்தவர்களும் சொல்லவில்லை.
எட்டுப் பருவம். என்னையும் கேட்டு வாங்கினான்,
"பந்து தர ஆள் வேணும்."
நடுவில் ஒருமுறை கோட்டைப் பின்னுக்குத் தள்ளினார்கள்,
அரை மீற்றர், உலகம் முழுக்க.
எல்லாரும் புலம்பினார்கள்.
அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.
மான் படுக்கும் நாட்களில் நின்ற இடத்தைவிட
அது கிட்டத்தான்.

கடைசிப் பருவம், இறுதி ஆட்டம்.
ஒரு புள்ளி பின்னால். நாலு செக்கன்.
பந்து அவனிடம்.
அரங்கு முழுக்க எழும்பி நிற்கிறது.
இரண்டு பேர் அவன்மேல் பாய
பந்து என் கைக்கு வந்தது.
பள்ளிக்கூடம் தொட்டு அன்றுவரை
அந்தத் திசையில் அது வந்து பழக்கமில்லை.
எறிந்தேன்.
இரும்பு.

அடுத்த மாதம் அவன் மாலைதீவுக் கழகம்.
பிறகு கட்டார்.
டொலரில் சம்பளம், முதுகில் பெயர்,
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
முழங்கால் போகும்வரை ஆறு வருசம்.
எனக்குச் சீனன்குடா மாவாலை,
இரவு ஷிப்ட், விடியும்போது வெள்ளை இமை.

இப்போது உப்புவெளியில் வீடு கட்டுகிறான்.
போன ஞாயிறு
புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றான்.
கச்சான் தண்ணீரைக் கடல்பக்கம் இழுக்க,
கதைத்தபடியே
குழாயைக் கொஞ்சம் இடப்புறம் பிடித்தான்.
அப்போதுதான் கேட்டேன்.
"ஏன்டா அண்டைக்கு எனக்குத் தந்தாய்?"

"நீ தனிய நிண்டாய்."

ஒரு கல் வரிசை நனையும்வரை பேசவில்லை. பிறகு,
"தனிய நிண்டா தாறதுதானே."

மாவு மூட்டை தளத்தில் விழும்போதெல்லாம்
அந்த இரும்பு கேட்கிறது என்று
சொல்லத்தான் போனேன்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு
கல்லடுக்கில் உட்கார்ந்தான்,
பார்க்காமலே குழாயை என் பக்கம் நீட்டினான்.
வாங்கினேன்.
பின்சுவர் இன்னும் காய்ந்து கிடந்தது.