மேலிருந்து சூடு

மீன்கடை கபீர் தந்த தெர்மகோல் பெட்டி.
மூன்று முறை கழுவியும் ஸ்நூக் வாடை போகவில்லை.
உள்ளே பித்தளைத் தண்டு, ஈயக் குண்டு,
கிட்டார்க் கம்பியில் படுக்கையாய்த் தொங்கும் ஊசல்.
லெனேஷியா, ஒன்பதாம் எக்ஸ்டென்ஷன், கராஜ் தரை.
பூமி அசைந்தால் சொல்லவேண்டியது இது.

ஆறு வாரம் அது சொன்னதெல்லாம்:
வெயில் வந்தது. வெயில் போனது.
"அதுக்கு நாற்பது ராண்டில் வெப்பமானி கிடைக்குமே, தேவா"
என்றாள் நொம்வூலா, சுவர்மேல் மோவாயை வைத்து.

வாஸ்தவம்.
பித்தளைக்கும் எஃகுக்கும் ஒத்துப்போகாது.
அரை டிகிரிக்கு ஒன்று நீளும்,
மற்றது முறைத்துக்கொண்டு நிற்கும்.

அடியில் பல்பு வைத்தேன்.
சுடுகாற்று ஏறி, ஆறி, இறங்கி,
ஐந்து கிலோ மீன் பெட்டிக்குள் ஒரு பருவக்காற்று.
தெர்மோஸ்டாட் வைத்தேன்.
பதினோரு நிமிடத்துக்கு ஒரு டிக்,
கோடெல்லாம் ரம்பப் பல்.

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக்.
இருபது வருடம் சூட்டை வெளியே விரட்டிச் சம்பாதித்தவள்.
உட்காரச் சொன்னால் அது கேட்கவில்லை.

பிறகொரு ஞாயிறு, ஒரு வீட்டுக் கூரையில் கீஸரைக் கழற்றும்போது
கை தெரிந்துகொண்டது:
மேலே சுடுநீர், கீழே குளிர்நீர்,
நடுவே சண்டை இல்லை.
தலைக்குச் சூடும் காலுக்குக் குளிரும் மனிதருக்கு ஆகாது.
பெட்டிக்கு ஆகும்.
மூடியின் உட்புறம் அலுமினியத் தகடு, அதன்மேல் சூட்டுக் கம்பி,
சதா கொஞ்சம், ஒருபோதும் நிறுத்தாமல்.
மூலைக்கொன்றாகத் தண்ணீர் நிரப்பிய கோலா பாட்டில்.
இருபத்து நான்கு புள்ளி மூன்று.
பன்னிரண்டு நாள், அசையாமல்.

பதின்மூன்றாம் இரவு லோட்ஷெட்டிங்.

இரண்டு மணி. வெளியே ஒரு டிகிரி.
போர்வையும் என் ஓவர்கோட்டும் பெட்டிக்குப் போக
நான் நடுங்கினேன்.
கார் பேட்டரியில் ஓடிய கோடு சரியத் தொடங்கியது,
பஸ்ஸில் தூங்குகிறவன் தலை போல.
ஆனால் எவ்வளவு மெல்லிய கோடு!
ஊரின் மோட்டார்கள் எல்லாம் மூச்சடக்கியிருந்தன.

இரண்டு நாற்பத்தொன்று.
சரிவின் நடுவே ஒரு சிலிர்ப்பு, நான்கு விநாடி.
மேற்கே, கார்ல்டன்வில் பக்கம்,
மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை தோள் மாற்றியது.
தொட்டால் சுடும் பாறை.
அங்கே மனிதர் மூச்சுவிட
மேலிருந்து பனிக்கட்டி அனுப்புகிறார்கள்.

நொம்வூலாவின் தம்பிக்கு இந்த வாரம் இரவு ஷிஃப்ட்.
சுவருக்கப்பால் மெழுகுவத்தி நகர்ந்தது.
"தூங்கலையா? பெட்டி என்ன சொல்லுது?"

எங்கே என்று அதற்குத் தெரியாது.
யார் என்று தெரியாது.
"குளிருதாம்" என்றேன்.

அதன்பிறகு கோட்டில் சின்னச் சின்ன முடிச்சுகள்:
அவள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கிறாள்.
நாலரைக்குக் கரண்ட் வந்தது.
சூட்டுக் கம்பி மெதுவாக வேலைக்குத் திரும்பியது.
நடை நிற்கவில்லை.

ஆறே காலுக்கு ஒரு பெரிய முடிச்சு, உடனே இன்னொன்று.
பூட்ஸ். வாசற்படியில் இரண்டு தரம் உதறித்தான்
அவன் உள்ளே வருவான்.

இருபத்து மூன்று புள்ளி ஒன்று.
ஏறிக்கொண்டிருக்கிறது.