தனித்தேர்வர்

வண்ணார்பேட்டை பைபாஸ் பெட்ரோல் பங்கில்
ராத்திரி ரெண்டு மணிக்கு மேல்
வண்டி வரத்து ஓய்ந்துவிடும்.
தூத்துக்குடி மீன் லாரி ஒன்று,
எப்போதாவது ஓர் ஆம்புலன்ஸ். அவ்வளவுதான்.
ரெண்டாம் நம்பர் பம்புக்கும்
காற்றடிக்கிற மிசினுக்கும் நடுவில்
பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு
பதினேழாம் பக்கத்திலிருந்து படிப்பேன்.

பதினேழிலிருந்துதான் அந்தப் புத்தகமே இருக்கிறது.
அட்டை கிடையாது. முதல் பதினாறு பக்கம் கிடையாது.
ஆயில் கை துடைக்க எடைக்கு வாங்கிப் போட்ட
பழைய பேப்பர் கட்டில் கிடந்தது.
"என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினாள்"
இப்படித்தான் ஆரம்பம்.
என்ன சொன்னாள்?
பதினொரு தடவை படித்துவிட்டேன்.
கல்யாணம் நின்றுபோகிறது,
அண்ணன்காரன் உப்பளத்தைத் தோற்கிறான்,
கடைசியில், கழுதையை மட்டும் விற்க மாட்டேன் என்கிறாள்.
கழுதை வரும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும்.
"கோட்டிக்காரி, தெரிஞ்ச கதைக்கு
என்னத்துக்குட்டி அழுவுத?" என்பாள் மாடத்தி,
நோட்டுகளை எண்ணிக்கொண்டே.

பத்தாம் வகுப்பில் கணக்கில் நாலு மார்க் குறைந்தது.
யாரும் திட்டவில்லை.
தூற்றல் விழுந்ததும் வடகத்தை எடுத்து
உள்ளே வைப்பது மாதிரி
என்னை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.
இருபத்துமூன்று வருஷம்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்,
படிப்பை நிறுத்தியதற்கான காரணம்.
தீப்பெட்டி அளவுதான் இருந்தது.
'நாலு' என்று எழுதினேன்.
"அடிச்சிட்டு, குடும்பச் சூழல்னு போடுங்க பேராச்சி"
என்றார் மேனேஜர் கோயில்பிள்ளை.
எந்தக் கவுண்டரில் எது செல்லும் என்று
அவருக்குத் தெரியும்.

நூறு ரூபாய்க்கு எத்தனை லிட்டர், எத்தனை புள்ளி,
நாக்கு நுனியில் நிற்கிறது.
எக்ஸ்-ஐக் கண்டுபிடி என்றால் மட்டும்
சவத்தை யார் தொலைத்தது என்று தோன்றும்.
பில் தாளின் பின்பக்கம் சூத்திரம் எழுதிவைத்துப் படித்தேன்.
அதில் ரெண்டு, ஒரு டாடா ஏஸ்காரரோடு
சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்துவிட்டன.

பாளையங்கோட்டையில் பரீட்சை.
பெஞ்சு முட்டியில் இடித்தது.
பக்கத்தில் அந்தோணி ரூபன், பத்தொன்பது வயதிருக்கும்.
என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.
"சூப்பர்வைசரா மேடம்?"
"இல்ல தம்பி, இரி. நானும் ஒங்கூடத்தான்."

தமிழ்த்தாள். கடைசிக் கேள்வி.
உனக்குப் பிடித்த நூல் குறித்துக் கட்டுரை வரைக.
நூலின் பெயர், ஆசிரியர், மையக்கருத்து, முடிவுரை.
பேனா கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
அழகாக ஒரு பெயர் வைத்துவிடலாம்.
ஆசிரியருக்கும் இன்ஷியலோடு ஒரு பெயர்.
திருத்துகிறவர் எந்த அலமாரியில் போய்த் தேடுவார்?

நூலின் பெயர்: தெரியாது.
ஆசிரியர்: தெரியாது.
மையக்கருத்து: கழுதை.
அடித்தேன்.
அடித்ததற்கு மேலேயே மறுபடி
கழுதை என்று எழுதினேன்.

அப்புறம் அந்தப் பதினாறு பக்கத்தையும் எழுதினேன்.
வாசலில் யார் வந்து நின்றார்கள்,
அடுப்பில் என்ன கொதித்தது,
கழுதை அப்போது குட்டியாக இருந்ததா,
கதவை மூடுமுன் அவள் என்ன சொன்னாள்,
எல்லாம்.
மூன்று தரம் எழுந்து நின்று
கூடுதல் தாள் கேட்டேன்.
கட்டிக்கொள்ள நூலும் கொடுத்தார்கள்.

அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.
அது விடைத்தாளில் இருக்கிறது,
மூட்டையில் முத்திரை வைத்து
எந்த ஊருக்கோ போய்விட்டது.
பத்து மார்க் கேள்வி அது.
எத்தனை போடுவார்களோ.

நாளை மறுநாள் கணக்கு.
இன்றைக்கு டூட்டி மாற்றிக்கொள்ள ஆள் இல்லை.
விரல் இடுக்கில் மை போகவில்லை,
பெட்ரோல் தொட்டுத் துடைத்தும்.
ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.
"ஜீரோ பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."
அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் பார்த்துக்கொண்டேன்.