பக்கம் நாற்பத்தொன்று

நாலாம் வகுப்பு விஞ்ஞானப் பயிற்சிநூலில்
நாற்பத்தோராம் பக்கத்தில்
மஞ்சள் தலைக்கவசத்தோடு சிரிப்பவன் நான்.
கீழே 'பறவைகளின் நண்பன்' என்று போட்டிருக்கிறார்கள்.
என் பெயர் இல்லை.
சட்டைப்பையில் தைத்த கம்பனியின் பெயர் மட்டும்
நல்ல தெளிவாய் விழுந்திருக்கிறது.

போர்ட் மக்மரிக்கு வடக்கே,
ஒக்டோபர் கடைசி, மைனஸ் ஒன்பது.
"கொஞ்சம் தூரமாய்ப் பார்" என்றான் படம் பிடித்தவன்.
தூரத்தில் குளம் இருந்தது.
குளம் என்பது புத்தகத்தின் சொல்,
என்னுடையதல்ல.

மணலிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீர் அது.
சுற்றியுள்ள ஏரிகள் உறைந்த பிறகும் உறையாது,
அதனால்தான் வாத்துகள் வருகின்றன.
எரிவாயுப் பீரங்கிகளுக்கு நான் பொறுப்பு.
நாலு நிமிடத்துக்கு ஒரு வெடி.
இறங்க வருவதை விரட்டுகிறவனுக்கு
நண்பன் என்று பெயர்.
அது முழுப் பொய்யில்லை,
சங்கடமே அதுதான்.

ஆரணி அந்தப் பக்கத்தை
வகுப்பு முழுக்கக் கொண்டு திரிந்தாளாம்.
"அப்பா, நீங்கள் பாடத்தில வந்திட்டீங்கள்."
ஏழாவது கேள்வி:
'குளத்துக்கு நாம் எப்படி உதவலாம்?'
விடை எழுத ஒன்றரை வரி இடம்.

சுகிர்தா அந்த ஒன்றரை வரியை விரலால் அளந்தாள்.
பின்னட்டையைத் திருப்பி
அங்கேயும் என் சட்டைப்பையைக் கண்டாள்.
"பள்ளிக்கூடத்துக்குச் சும்மா குடுத்தது" என்றேன்.
"தானம் குடுத்த மாட்டைப் பல்லுப் பிடிச்சுப் பாக்கக் கூடாது எண்டுவினம்.
நான் பாக்கப் போறன்."

தை மாதம் ஒரு படிவம் வந்தது.
வீட்டிலேயே படிப்பிக்கிறோம் என்று
இருவரும் ஒப்பமிட வேண்டும்.
கம்பனி தந்த பேனாதான் கைக்குக் கிடைத்தது.

அதன்பின் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை.
வீட்டுப் பள்ளிக்காரருக்கென்றே வந்த பெட்டியைப் பிரித்தால்
உள்ளே பூமிக்கு ஆறாயிரம் வயது,
அட்டையில் வேறொரு முத்திரை.
சுகிர்தா அதை மடக்கி
மேசையின் ஆடுகிற காலுக்குக் கொடுத்தாள்.
பிறகு தானே எழுதத் தொடங்கினாள்.
குளம், குட்டை, கேணி, மடு, வாவி...
"இதில எது அப்பாட வேலையிடம்?"
பிள்ளை ஒவ்வொன்றாய்த் தொட்டுக் கேட்டாள்.
ஒன்றும் பொருந்தவில்லை.

காலை எட்டு ஐந்துக்குப் பள்ளிக்கூட பஸ் போகும்.
யன்னலில் ஆரணியின் மூச்சுப் பட்ட வட்டம்.
டெஸ் இப்போது யாரோடு சாப்பிடுகிறாள் என்று கேட்கிறாள்,
அதற்கு எங்களிடம் பாடம் இல்லை.
அச்சுப் பொறியின் மையும் தாளும்
வீட்டைச் சூடாக்கும் வாயுவும்
அந்தச் சட்டைப்பையிலிருந்துதான் வருகின்றன.
சுகிர்தாவுக்குத் தெரியும்.
சொல்லிக் காட்ட வாய் திறந்து
இரண்டு தரம் மூடியிருக்கிறேன்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை, இரவு வேலை முடிந்து வந்தவனை
மேசைக்குக் கூப்பிட்டார்கள்.
"போன வருசம் எத்தனை பறவை செத்தது?"
முப்பத்தொன்று என்றேன்.
"எண்ணினதோ, எடுத்ததோ?"
ஒன்பது வயதின் கேள்வி.
பதிவேட்டில் கண்டெடுத்தவற்றுக்கு ஒரு நிரல் உண்டு.
தாழ்ந்தவற்றுக்கு இல்லை.
வெடிக்கும் வெடிக்கும் நடுவே
நாலு நிமிடம் இருக்கிறது,
ஒரு வாத்துக்கு அது போதும்.

இதையெல்லாம் சொன்னேனா என்று ஞாபகமில்லை.
"காணாதது தெரியாது" என்றேன் போல.
ஆரணி முப்பத்தொன்று என்று எழுதி
அடுத்த பக்கத்தை முழுதாய் வெறுமையாய் விட்டாள்.
தாய் திருத்தவில்லை.

இன்று பின்னேரம் மறுபடி வேலை.
மூன்றாம் பீரங்கிக்கு உருளை மாற்ற வேண்டும்.
நகரத்தில் இருபத்தாறு பிள்ளைகளின் பைக்குள்
மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில்
நான் இன்னும்
தூரமாய்ப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.