ஐந்தாவது மதகு

நாற்பதாம் பாத்திஹா முடிந்த இரவு திறந்தேன்.
இம்தியாஸ் பாதியில் விட்ட விளையாட்டில்
வெண்ணாறு வலமிருந்து இடமாக ஓடுகிறது.
பிழைதான். திருத்தவில்லை.

முதல் மதகுக்கு எங்கள் நிக்காஹ் தேதி.
அடுத்ததற்குப் பரோட்டாக் கடைப் பாக்கி.
மூன்றாவதற்கு, கோபத்தில் நான் சொன்ன ஒரு சொல்.
அதையுமா வைத்திருந்தாய்?
நாலாவது தானாகவே திறந்தது.

ஐந்தாவதில் சாவித் துவாரமே இல்லை.
குடை பிடித்தபடி ஒருத்தி, என் சாயல்.
தள்ளினால் நகர்கிறாள்,
விட்டால் திரும்பி வந்து நிற்கிறாள்.

கூத்தாநல்லூரில் கரண்ட் போய்
லேப்டாப்பில் ஒன்பது சதவீதம்.
கடைமடையில் அவன் வரைந்த வயல்
இன்னும் வெடித்துக் கிடக்கிறது.

இன்றைக்குத்தான் பார்த்தேன்,
குடையை மடக்க ஒரு பொத்தான் இருக்கிறது.
மடக்கினேன்.

மழை.

சேமிக்கவா என்று கேட்கிறது.
ஏழு சதவீதம்.