சும்மா தைக்கிறேன்

செந்தூல் அடுக்குமாடி, நான்காம் மாடி.
மேல்வீட்டுக் குழாய் வெடித்தது
தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில்,
மகனைப் பள்ளியில் விட்டு நான் திரும்புவதற்குள்.

கதவைத் திறந்தேன்.
சீலிங்கிலிருந்து தண்ணீர் நூல்நூலாய் இறங்கி
மிஷின் ஊசியில் தன்னைக் கோக்கப்
பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் யாப் மறுநாளே வந்தார்.
அவரிடம் ஒரு காப்புறுதிப் பத்திரம் இருந்தது.
சுவர் அவருடையது, சீலிங் அவருடையது,
உப்பிய கதவுக்கும் பெயர்ந்த பலகைக்கும்
அதில் இடம் இருந்தது.
"உள்ள இருக்கிறது உன்னுது" என்றார்.
கோபமில்லை. உள்ளதைச் சொன்னார்.
மேல்வீட்டார் கதவையே திறக்கவில்லை.

என்னிடமும் ஒன்று இருந்தது,
வாடகைக்கு இருப்பவர்களுக்கானது,
ஆண்டுக்கு நூற்று அறுபது வெள்ளி.
பிஸ்கட் டின்னில், மகனின் பிறப்புப் பத்திரத்துக்கு அடியில்.
ஏஜெண்டு குணாளன்
எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பியது.
"என்ன வேலைக்கா?"
"வீட்டுல சும்மா தைக்கிறேன்."
இல்லத்தரசி என்று எழுதினார்.
நான் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மதிப்பிட வந்தவள் அஸ்லினா.
காலணியை வெளியே விட்டுக்
காலுறையோடு ஈரத்தில் நடந்தாள்.
ஃபிரிட்ஜ், சரி. மெத்தை, சரி.
டிவி, மகனின் பள்ளிப்பை, சரி, சரி.
தையலறையில் பேனா நின்றது.
ஜூக்கி இரண்டு. ஓவர்லாக் ஒன்று.
காஜா எடுக்கிற மிஷின் ஒன்று.
"வீட்டில் எத்தனை பேர், காக்?"
"ரெண்டு பேர்."
கம்பியில் தொங்கிய ரவிக்கைகளை எண்ணினாள்.
முப்பத்தேழு.

ஒவ்வொன்றிலும் ஊக்கு குத்திய துண்டுச்சீட்டு, மை கரைந்து.
முப்பத்தாறா முப்பத்தெட்டா,
இனி அவரவர் உடம்புக்குத்தான் தெரியும்.
அரக்குப் பட்டு
பக்கத்து மஞ்சளுக்குள் குடியேறியிருந்தது.

முந்தைய இரவு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டிருந்தேன்.
ஒருத்தி அழுதாள்.
ஒருத்தி துணியின் விலையை மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.
திலகவதி டீச்சர் "உனக்கு ஷாக் ஏதும் அடிக்கலியே" என்று கேட்டாள்.
அப்போதுதான் எனக்குக் கை நடுங்கியது.

"இதெல்லாம் உங்களுடையதா?"
என்னுடையது இல்லை.
என் கையில் இருந்தது.
அந்த இரண்டுக்கும் நடுவில்
பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி உண்டாம்:
தொழிலுக்கு வைத்திருப்பது சேராது,
பிறர் ஒப்படைத்தது சேராது.
விரல் வைத்துக் காட்டினாள், மலாயில், பொறுமையாக.
பிறகு எழுதாமல்
கொஞ்ச நேரம் சன்னல் வழியே எல்.ஆர்.டி. போவதைப் பார்த்தாள்.
ஒரு பொய்க்கு இடம் விட்டாளோ என்னவோ.

என் வாயில் வந்ததும் அந்தப் பழைய சொல்தான்.
"சும்மா..."
பாதியில் விட்டேன்.

பதினோரு வருடம் வாடகை கட்டியது சும்மா.
கார் கடன் அடைத்தது சும்மா.
இரவு இரண்டு மணிக்குக் கொக்கி வைத்துத் தைத்து
விடிந்ததும் பசியாறக் கட்டிக்கொடுத்தது, சும்மா.
அடக்கமாகப் பேசுவதாக நினைத்திருந்தேன்.
அந்த அடக்கம் எனக்கு ஆண்டுக்குத்
தொண்ணூறு வெள்ளி மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

"தைக்கிறேன்" என்றேன். "இதுதான் என் தொழில்."

எழுதிக்கொண்டாள்.
மெத்தைக்கு உண்டு, ஃபிரிட்ஜுக்கு உண்டு.
நான்கு மிஷினுக்கும் நேராக ஒரு கோடு.
முப்பத்தேழுக்கும் ஒரே கோடு.
வீட்டுத் தொழிலுக்கென்று தனி இணைப்பு இருக்கிறது,
அடுத்த முறை அதையும் கேளுங்கள் என்றாள்.
அடுத்த முறையாம்.
இன்னும் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் குனிந்து காலணி மாட்டும்போது
தலை நிமிராமல் கேட்டாள்,
பாஜு கூரோங் தைப்பீர்களா,
எவ்வளவு ஆகும்.

பார்த்துக் குடுங்க என்பது
நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

"எண்பது வெள்ளி" என்றேன்.
"லைனிங் வேற."