ஒன்பதும் ஒன்றும்

விடிகாலை நாலரை, பழையபேட்டை ஆட்டுத்தொட்டி.
தஸ்தகீர் பாய் ஈரலைப் பிளந்து
"டீச்சர், இன்னைக்கு உங்க ஆளுங்க நாலு பேரு" என்கிறார்.
இலைபோல் சுருளும் நாலு பேரை
உப்புநீரில் வாங்கிக்கொள்கிறேன்.
ஈரலுக்கு விலை போச்சு. எனக்கு மட்டும் லாபம்.

குடலிலிருந்து நாடாப்புழு, முழம் போட்டால் மூன்று.
அணைக்கரைச் சேற்றில் கல்லுக்கடியில் வழித்த
அரிசி நீளத் தட்டையன் வேறொரு புட்டியில்.
அவன் யாரையும் அண்டிப் பிழைக்காதவன்,
மாறுகண்ணால் முறைக்கிறான்.

இவர்களுக்குப் பாட்டன் ஒருவனா?
உடம்பைக் கேட்டால் பொய் சொல்லும்.
ஒட்டிப் பிழைக்கப் போனவன்
கண்ணை விற்றிருப்பான், வாயை விற்றிருப்பான்,
நாடாக்காரன் குடலையே விற்றுவிட்டான்.
விந்தணுவைத்தான் விசாரிக்க வேண்டும்.

பிசினில் உறைந்த துணுக்குகளை
வேலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.
வைரக் கத்தி சீவியது.
எலக்ட்ரான் பட்டுச் சாம்பல் படமாய்த் திரும்பி வந்தார்கள்.

குறுக்கே வெட்டிய வால்:
பர்கூர் குவாரியில் பாறை பிளக்கக் குடைந்த துளைகள்போல
வட்டமாய் ஒன்பது ஜோடி,
நடுவே சுருள் சுற்றிய ஒற்றைத் தூண்.
ஆட்டுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு.
இவர்களுக்கு ஒன்று.
சேற்றுக்காரனுக்கு இரு வாலும் வெளியே வீசும்,
ஈரல்காரனுக்கு உடம்போடு சேர்த்துத் தைத்தது,
ஆனாலும் அதே ஒன்று.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டு
மறுபடி எண்ணினேன்.

நாடாப்புழுவுக்கு ஒரே வால்.
ஒன்றை எங்கோ தொலைத்திருக்கிறான்.
எரிசக்திப் பைகூட இல்லை.
வெளியாள் என்று முதலில் தனியே வைத்திருந்தேன்.
மிச்சமிருந்த வாலை வெட்டினால்
ஒன்பது, நடுவே தூண்.
இல்லாததை வைத்து உறவை அறுக்காதே,
யாரும் எதையும் தொலைக்கலாம் என்று
நோட்டின் ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்.

மத்தியானம் காவேரிப்பட்டணம்.
அப்பாவின் வாரிசுச் சான்று.
"பிள்ளைங்க எத்தனை பேரும்மா, நாலா?"
வி.ஏ.ஓ. பேனாவைத் திறந்து காத்திருக்கிறார்.
ஓசூரில் முனிரத்தினம் டயர் கடை வைத்திருக்கிறான்.
பெயருக்கு முன்னால் அவன் அம்மாவின் எழுத்து,
எங்கள் இனிஷியல் இல்லை.
சாவுக்கு வந்து
பந்தலுக்கு வெளியே நின்று போனான்.
அழும்போது அப்பாவைப்போல
இடது கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டான்.

அக்கா மேஜைக்கடியில் என் காலை மிதிக்கிறாள்.

"எழுதுங்க சார்,
அஞ்சு."

நாளை செவ்வாய்க்கிழமை.
தொட்டியில் ஆடு குறைவாகத்தான் வெட்டுவார்கள்.